துணைமின் நிலையத்துக்கு எந்த முகம்? அனுமதிக்குப் போகும் முன் ஓர் ஒப்பீடு

துணைமின் நிலையம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அது தன் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம் என்பதிலும் யாருக்கும் மறுப்பில்லை. இடம் முடிவான பிறகு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கட்டடத்தின் தோற்றம். மின்பொறியாளருக்கு அது கடைசிக் கவலை. திட்ட அனுமதி தரும் அலுவலகத்துக்கோ முதல் கேள்வியே அதுதான்.

இங்கிலாந்தில் 2015இல் வந்த பொது அனுமதி ஆணை இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. கருவிகளைப் பாதுகாப்பதற்காக மட்டும் ஒரு கட்டடத்தை மின்நிறுவனம் தன் செயல்பாட்டு நிலத்தில் எழுப்பிக்கொள்ளலாம். முழு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் அதன் வடிவமைப்புக்கும் வெளித்தோற்றத்துக்கும் உள்ளூர்த் திட்ட அதிகாரத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். கட்டலாமா என்ற பேச்சே அங்கே எழுவதில்லை, எப்படித் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் விவாதம். வேறு நாடுகளில் நடைமுறை மாறும். சர்ச்சை என்னவோ இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கல்லா, தகடா, மரமா என்று கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அந்த அளவுக்கு அது முக்கியமில்லை. காற்றுத் திறப்பு, கதவு, வேலி, கூரைமேல் நிற்கும் சாமான்கள் ஆகிய நான்கையும் ஒழுங்குசெய்த கட்டடம் எந்தப் பொருளில் கட்டினாலும் தேறிவிடும். இவற்றைக் கவனிக்காத கட்டடத்தை விலை உயர்ந்த கல் பதித்தாலும் காப்பாற்ற முடியாது.

உள்ளே இருப்பவை கேட்பது

30 எம்.வி.ஏ. (மெகாவோல்ட்-ஆம்பியர், மின்திறனின் அளவு) திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் ஓடும்போது நூறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தைத் தள்ளும். அதை அறைக்குள் வைத்தால் கீழே காற்று நுழைய ஒரு திறப்பும் மேலே வெளியேற ஒரு திறப்பும் தேவை. மழையைத் தடுக்கச் சாய்வாக அடுக்கும் லூவர் பட்டைகள் ஏறக்குறைய பாதித் திறப்பை அடைத்துவிடும். ஆகவே கணக்கில் வரும் பரப்பைப்போல் இரு மடங்கைச் சுவரில் ஒதுக்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் ‘செங்கல் சுவர்’ என்று எழுதியிருந்தாலும் தெருவில் நடப்பவர் கண்ணில் படப்போவது லூவர்தான். டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைத் தனியாகப் பிரித்துத் திறந்தவெளியில் வைத்தால் லூவர் குறையும், ஆனால் அப்போது ரேடியேட்டரே காட்சிக்கு வந்துவிடும்.

அடுத்தது உறுமல். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ் ஓசை பிறக்கிறது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இத்தனை நீண்ட அலைக்குச் செடிவரிசையும் மெல்லிய தகடும் ஒரு பொருட்டே அல்ல, கனமான சுவர்தான் அதை அடக்கும். தோற்றம் பிடிக்கவில்லை என்று ஆட்சேபம் எழுதுபவர் பலருக்கு உள்ளூரப் பயம் இந்த உறுமல்மேல்தான். சுவரின் கனத்தைத் தோற்றத்தோடு சேர்த்தே பேசியாக வேண்டும் என்பது அதனால்தான்.

பிறகு, ஐம்பது டன் எடையுள்ள அந்த டிரான்ஸ்ஃபார்மரை என்றோ ஒருநாள் வெளியே இழுக்க வேண்டிவரும். அதற்கு அகலமான கதவோ கழற்றக்கூடிய சுவரோ, எதிரே கனரக லாரி திரும்ப இடமும் விட்டாக வேண்டும். இதை எந்த அலங்காரத்தாலும் மறைக்க முடியாது.

வெள்ள மட்டம் என்று ஒன்று உண்டு, பலரும் அதை மறந்துவிடுவார்கள். நிலத்தைவிட ஒரு மீட்டர் உயரத்தில் தளம் அமைக்கச் சொன்னால் கட்டடம் முழுதும் ஒரு மீட்டர் எழும். கதவுகள் அந்தரத்தில் நிற்கும், அவற்றுக்குப் படிக்கட்டும் கைப்பிடியும் முளைக்கும். முதல் படத்தில் அடக்கமாக இருந்த கட்டடம் மூன்றாம் திருத்தத்தில் மேடைமேல் ஏறி நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

செங்கல் பெட்டி

பழைய வழி, இன்றும் வலுவான வழி. 1920களில் பெர்லினில் பெவாக் மின்நிறுவனத்துக்காக ஹான்ஸ் ஹைன்ரிஷ் முல்லர் கட்டிய துணைமின் நிலையங்கள் செங்கல்லாலேயே கம்பீரம் காட்டியவை. கருவிகள் போன பிறகு அவற்றில் சில விழா அரங்கமாகவும் உணவகமாகவும் மாறி இன்றும் பயன்படுகின்றன. லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் நார்ட் என்ற கட்டடக்கலைக் குழு 2009இல் முடித்த முதன்மைத் துணைமின் நிலையமும் கருஞ்செங்கல் பெட்டிதான். ஜன்னல் வேஷம் இல்லை, ஓவியம் இல்லை. தான் என்னவோ அதை அமைதியாகச் சொல்லும் கட்டடம்.

செங்கல்லின் நன்மைகளை வரிசையாக எழுதினால் விளம்பரம்போல் ஆகிவிடும். ஆனால் முதன்மையானது கனம்: உறுமலை அடக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். எர்த்திங் இணைப்பு வேண்டாம், வண்ணம் பூச வேண்டாம். முப்பது ஆண்டு கழித்து ஒரு மூலை உடைந்தால் எந்தக் கொத்தனாரும் சரிசெய்துவிடுவார். இன்னொரு நன்மை அனுமதிக் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவதே இல்லை: கனமான சுவரே பாதுகாப்பு எல்லையாகிவிட்டால், சுற்றி 2.4 மீட்டர் இரும்பு வேலி தேவைப்படாது. துணைமின் நிலையங்களை அசிங்கமாக்குவதில் முதல் பங்கு கட்டடத்துக்கு இல்லை, கூர்முனை வைத்த அந்த வேலிக்குத்தான். வேலியை ஒழிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குறைகளும் உண்டு. ஜன்னல் இல்லாத நீண்ட சுவர் தெருவைச் செத்த தெருவாக்கிவிடும், கிறுக்கல்களையும் அழைத்துவரும். இதற்கு மருந்து செங்கல்லிலேயே இருக்கிறது. சில வரிசைகளை முன்னே தள்ளி நிழல் விழச் செய்யலாம், தூண்போல் மடிப்புகள் விடலாம், மேற்பகுதியில் இடைவெளி விட்டு அடுக்கிக் காற்றுத் திறப்பையே வேலைப்பாடாக மாற்றலாம். கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் இடைவெளி வழியே மழையும் பறவையும் நுழையும், பின்னால் வலையும் வடிகாலும் வேண்டும் என்பதை முன்கூட்டியே வரைந்துவிட வேண்டும்.

சாந்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 215க்கு 65 மில்லிமீட்டர் முகமுள்ள செங்கல்லைப் பத்து மில்லிமீட்டர் இணைப்போடு கட்டினால், சுவர்ப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு சாந்துதான். கருஞ்செங்கல்லுக்கு வெளிர்ச் சாந்து வைத்தால் வேறொரு கட்டடமே வந்து நிற்கும். அனுமதி அலுவலகம் தளத்தில் மாதிரிச் சுவர் கட்டிக் காட்டச் சொன்னால் முணுமுணுக்க வேண்டாம். அதை வெயிலிலும் மேகமூட்டத்திலும் பார்த்து முடிவெடுப்பது கட்டுபவருக்கும் நல்லது.

உலோகத் திரை

இதற்கு உந்துதல் தந்த கட்டடம் துணைமின் நிலையமே அல்ல, ஸ்விட்சர்லாந்தின் பாசலில் உள்ள ஒரு ரயில்வே சிக்னல் கூடம். ஹெர்சோக் - டி மியூரோன் என்ற கட்டடக்கலைஞர்கள் 1994இல் அதைச் செப்புப் பட்டைகளால் சுற்றினார்கள். உள்ளே வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் பட்டைகள் திருகி விட்டிருக்கும். கதவு, ஜன்னல், சுவர் என்ற பேதம் போய்க் கட்டடம் முழுதும் ஒரே தோலாகிவிடுகிறது. லூவர்தான் பெரிய தலைவலி என்றால், முகப்பு முழுவதையும் லூவராக்கிவிடுவதே இந்த வழியின் தந்திரம். எங்கே காற்று போகிறது, எங்கே கெட்டிச் சுவர் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

சியாட்டிலில் 2018இல் முடிந்த டென்னி துணைமின் நிலையம் இதன் ஆடம்பரப் பதிப்பு. என்.பி.பி.ஜே. நிறுவனம் வடிவமைத்தது. சாய்ந்து நிற்கும் உலோகச் சுவர், அதைச் சுற்றி மக்கள் நடக்க உயர்த்திய பாதை, பக்கத்தில் நாய்களை அவிழ்த்துவிட ஓர் இடம். பொதுத் தெருவின் ஒரு துண்டை இந்தத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டதால் பதிலுக்கு மக்களுக்கு என்ன தருகிறாய் என்று நகரம் கேட்டது; இவை அதற்குக் கிடைத்த பதில்கள். அழகுக்காகக் கொடுத்தது என்று இதைப் பார்ப்பதைவிட, பேரத்தில் கொடுத்தது என்று பார்ப்பது சரி. இப்படிக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

திரைக்குக் கணக்கில் வராத செலவுகள் நிறைய. திரை ஓசையைத் தடுக்காது, அதன் பின்னால் கனமான சுவர் ஒன்று கட்டியே ஆக வேண்டும். சரியாக இறுக்காத பட்டைகள் அந்த 100 ஹெர்ட்ஸோடு சேர்ந்து தாமும் அதிரத் தொடங்கும். உலோகம் முழுவதையும் எர்த்திங்கோடு இணைக்க வேண்டும். கோளாறு நேரத்தில் சுவரைத் தொட்டு நிற்பவர் கைக்கும் காலுக்கும் இடையே ஆபத்தான மின்னழுத்தம் வராதபடி கணக்குப் போட வேண்டும். துருவைத் தோலாக்கும் கார்ட்டென் எஃகு படத்தில் அழகாக இருக்கும். மழைநீரோடு வழிந்து கீழே உள்ள கான்கிரீட்டைச் செந்நிறமாக்கும் என்பதைப் படம் காட்டாது. கடற்காற்று வீசும் இடத்தில் அதன் மேல்தோல் நிலைபெறாமல் அரித்துக்கொண்டே போகும்.

நிறத் தேர்வில் ஒரு வழக்கம் எனக்கு எரிச்சல். ஆர்.ஏ.எல். வண்ண அட்டவணையில் 7016 எண் கொண்ட கரும்சாம்பல் இப்போது எல்லாத் திட்டத்திலும் வந்துவிடுகிறது. மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்து நிற்கும் கட்டடத்துக்கு அது சரி. வானத்தை எதிர்த்து நிற்கும் கட்டடத்துக்கு அது கனத்தைக் கூட்டுகிறது, வெயிலையும் உறிஞ்சி உள்ளே ஏற்றுகிறது. மரவரிசைக்குக் கீழே பாசிப்பச்சையோ கரும்பழுப்போ, அதற்கு மேலே வெளிர்ச் சாம்பலோ என்று பிரித்தால் கட்டடம் இரண்டடி குறைந்ததுபோல் தெரியும். ‘பசுமையோடு இயைய’ என்று முழுக் கட்டடத்துக்கும் பச்சை பூசுவது பெரும்பாலும் பலிக்காது, எந்த இலையும் அந்தப் பச்சையில் இருப்பதில்லை.

வீட்டு வேஷம்

டொரோண்டோவின் மின்நிறுவனம் 20ஆம் நூற்றாண்டில் குடியிருப்புத் தெருக்களில் வீடுகளைப் போலவே துணைமின் நிலையங்களைக் கட்டியது. ஓட்டுக்கூரை, முன்வாசல், திரைச்சீலை போட்ட ஜன்னல் என்று எல்லாம் இருக்கும், குடியிருப்பவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபிக்க ஒன்றுமில்லை, அனுமதி எளிது.

அன்று அது நியாயமான தீர்வு, ஏனென்றால் கருவிகள் சிறியவை. 4 கே.வி. (கிலோவோல்ட்) அளவிலான விநியோகத்துக்குரிய சாமான் ஒரு வீட்டுக்குள் அடங்கும். 33 கே.வி., 110 கே.வி. என்று போனால் அடங்காது. அடங்கும்படி வீட்டை ஊதினால் தெருவிலேயே பெரிய, கதவு திறக்காத, இரவில் விளக்கெரியாத வீடாக நின்று அதுவே கண்ணை உறுத்தும். போலி ஜன்னலின் சட்டம் வெளுத்த பிறகு யார் அதற்கு வண்ணம் பூசுவது என்பதும் கேள்வி. அடிக்கடி எதிர்ப்படும் சின்ன விநியோகக் கூடத்துக்கு, அதுவும் ஒரே மாதிரியான பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் மட்டும், இதைத் தேர்ந்தெடுப்பேன்.

மண்ணுக்கு அடியில்

‘பூமிக்கடியில் வைத்துவிட்டால் என்ன?’ என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்பதில் தப்பில்லை, செய்தும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் அனஹைமில் 2006இல் ஒரு பூங்காவுக்குக் கீழே துணைமின் நிலையம் வந்தது. டோக்கியோவின் ஷின்-டோயோசுவில் 500 கே.வி. நிலையமே 2000இல் பூமிக்கடியில் இயங்கத் தொடங்கியது. நிலத்தின் விலை கட்டுமானச் செலவை விழுங்கிவிடும் நகர மையங்களில் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

ஆனால் தோற்றப் பிரச்சினை இதனால் தீர்ந்துவிடுவதில்லை. காற்றுக்குழல்கள், அவசரப் படிக்கட்டு, டிரான்ஸ்ஃபார்மரை இறக்கும் பெரிய மூடி, தீயணைப்பு வண்டி நிற்கும் இடம் எல்லாம் மேலே வரும். பூங்கா நடுவே எட்டடி உயரக் காற்றுக்குழல் நிற்கும் படத்தை யாரும் முதலில் காட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான லிட்டர் கனிம எண்ணெய் நிலவறையில் இருப்பது தீயணைப்புத் துறைக்கு உவப்பான செய்தியல்ல. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் மட்டுமே தீப்பற்றித் தொடர்ந்து எரியும் எஸ்டர் திரவத்துக்கு மாறினால் பேச்சுவார்த்தை சற்று எளிதாகும். மின்சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச்கியரில் மின்காப்புக்காக எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு) வாயு இருந்தால் அது காற்றைவிடச் சுமார் ஐந்து மடங்கு அடர்த்தியானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சுக்காற்றை அகற்றிவிடும் என்பதால் கண்காணிப்பும் வெளியேற்றமும் தனிச் செலவு.

பாதி வழியில் நிற்கும் ஓர் உதாரணம்தான் என்னை அதிகம் கவர்கிறது. லண்டன் மேஃபேரில் டியூக் தெருத் துணைமின் நிலையம் 1905 வாக்கில் முடிந்தது. அந்த இடத்தில் முன்பு அக்கம்பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கான தோட்டம் இருந்தது. அதை இழந்தவர்களுக்கு ஈடாக நிலையத்தின் கூரைமேல் கல் பாவிய தோட்டம் அமைத்தார்கள். தரைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில், கல் முகப்பும் இரு முனைகளிலும் மண்டபங்களுமாக அது இன்றும் மக்கள் உட்காரும் இடம். தோண்டும் செலவில் ஒரு பகுதி மிச்சம், வெப்பம் வெளியேறப் பக்கச் சுவர் இருக்கிறது, ஊருக்கு ஒரு மேடைத் தோட்டமும் கிடைத்தது. முழுதாகப் புதைப்பதா வேண்டாமா என்று சண்டை போடும் முன் இந்த நடுவழியைப் பார்த்துவிடலாம்.

காட்டுவதும், விட்டுவிடுவதும்

வான்கூவரில் 1950களின் முதல் பாதியில் கட்டிய டால் கிராவர் நிலையம் மறைப்பதையே மறுத்தது. ஓவியர் பி.சி. பின்னிங் உள்ளிருக்கும் கருவிகளுக்கும் சுவர்களுக்கும் நிறம் தேர்ந்தார், தெருப்பக்கம் முழுதும் கண்ணாடி. நடந்துபோகிறவர் மின்சாரம் பிரிவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். 1980களில் கண்ணாடி போய் பிளெக்ஸிகிளாஸ் என்ற பிளாஸ்டிக் வந்தது, பழைய தெளிவும் போனது. ஷெஃபீல்டின் மூர் தெருவில் 1968இல் எழுந்த கான்கிரீட் கோட்டைக்கு 2013இல் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு கிடைத்தது. எழுந்த காலத்து ரசனையும் அரை நூற்றாண்டு கழிந்த ரசனையும் ஒன்றல்ல. இது மிகத் திறமையான வடிவமைப்பாளரும் அவரை நம்பும் நிறுவனமும் அமைந்தால் மட்டும் எடுக்க வேண்டிய வழி. சராசரிக் கைகளில் சராசரியைவிட மோசமாக முடியும்.

எதிர்முனையில் திறந்த யார்டு: கட்டடமே வேண்டாம், வேலியும் மரங்களும் போதும் என்பது. ஊருக்கு வெளியே, பள்ளமான நிலத்தில், அகலமாக இடம் இருந்தால் இதைவிட மலிவு இல்லை. மரம் வளரப் பதினைந்து ஆண்டு ஆகும், கம்பிகளுக்கு அருகில் உயர விடவும் முடியாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஊருக்குள் இது எடுபடாது.

எந்த இடத்துக்கு எது

அடர்ந்த குடியிருப்பில், வீடுகளிலிருந்து முப்பது மீட்டருக்குள் என்றால் செங்கல் பெட்டிக்குத்தான் என் ஓட்டு. ஓசையும் வேலியும் ஒரே சுவரில் தீர்கின்றன. தொழிற்பேட்டை, ரயில்பாதை ஓரம், நெடுஞ்சாலைச் சந்திப்பு ஆகிய இடங்களில் உலோகத் திரை. அங்கே கட்டடத்தைப் பார்ப்பவர் வேகமாகக் கடந்துபோகிறார், நுணுக்கம் தேவையில்லை, ஒரே தோல் போதும். பாரம்பரியச் சின்னங்களுக்கு நடுவில் என்றால் மேடைத் தோட்டத்தையோ முழு நிலவறையையோ பரிசீலிக்கலாம், பணம் இருந்தால். பணம் இல்லையென்றால் நல்ல செங்கல்லும் தாழ்ந்த உயரமும் போதும். மோசமான நிலவறையைவிட நல்ல செங்கல் பெட்டி மேல்.

செடிச்சுவர் என்று யாராவது ஆரம்பித்தால் நான் தயங்குவேன். தண்ணீர்க் குழாய், வேர், ஏறிவர வசதியான கொடி ஆகியவை உயர் மின்னழுத்தக் கூடத்தின் சுவரில் தேவையில்லாத தலைவலிகள். பராமரிப்புக்கான பணம் நின்ற மறு ஆண்டே அது காய்ந்த சருகுச்சுவர். கட்டடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி மண்ணில் மரம் நடுவது எளிது, நிலைக்கும்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை

அனுமதி வாங்கும் நாளில் கருவிகளை யார் தரப்போகிறார் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்காது. பிறகு வரும் விற்பனையாளர் தன் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பார், லூவர் பெரிதாகும், ஒப்புதல் பெற்ற படம் செல்லாது. இதைத் தவிர்க்க ஒரு வழி: தேவைப்படக்கூடிய அதிகபட்ச லூவர்ப் பரப்பையும் முதலிலேயே வரைந்து அனுமதி வாங்குங்கள். மிஞ்சியதற்குப் பின்னால் கெட்டிப் பலகை அடைத்துவிடலாம், வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

கட்டட அளவிலும் இப்படிக் கொஞ்சம் கூடுதல் இடம் கைவசம் வேண்டும். எஸ்.எஃப்.6 வாயுவின் புவிவெப்ப விளைவு கார்பன் டை ஆக்ஸைடைப்போல் சுமார் 24,000 மடங்கு. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 24 கே.வி. வரையிலான புதிய சுவிட்ச்கியரில் இத்தகைய ஃபுளூரின் வாயுக்களை 2026 ஜனவரி முதல் நிறுத்துகிறது, உயர் அழுத்தங்களுக்கும் தேதி குறித்திருக்கிறது. மாற்று வாயுவில் இயங்கும் கருவி சில சமயம் சற்றுப் பெரிதாக வரும். அறையை இன்றைய கருவிக்கு அளந்து தைத்துவிட்டால் நாளை சுவரை உடைக்க வேண்டும், அதற்கும் மறுபடி அனுமதி.

படங்களில் கட்டடத்தை மட்டும் காட்டி வேலியை விட்டுவிடும் வழக்கம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் அதிகாரி அடுத்தடுத்த எல்லாப் படத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வேலி, கேட், இடிதாங்கி, ஆன்டெனா, கேமராக் கம்பம், காவல் விளக்கு, எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றையும் வரையுங்கள். பார்வைக் கோணம் மனிதர் நிற்கும் உயரத்தில், சுமார் 1.6 மீட்டரில் இருக்கட்டும். பறவைக் கோணத்தில் எந்தக் கட்டடமும் சின்னதாகத்தான் தெரியும். காவல் விளக்கு ஆள் வரும்போது மட்டும் எரியும் என்றால் அதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இரவு முழுக்க எரியும் வெள்ளை விளக்கு வந்துவிட்டால் செங்கல்லின் நிறத்தைப் பற்றிப் பேச யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள், புகார் முழுதும் விளக்கைப் பற்றித்தான் இருக்கும்.